புது ரயில் நிலையம்: பணம் யார் தருவது, எங்கே மாட்டிக்கொள்கிறது? கிளாம்பாக்கத்தை முன்வைத்துக் கேள்வி பதில்

2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம் தாம்பரம்–செங்கல்பட்டு ரயில் பாதை. மூன்று தடங்கள் ஓடினாலும் வண்டலூரை விட்டால் ஊரப்பாக்கம்தான். முனையத்துக்கு நேராக இறங்க அன்று நிலையம் இல்லை. அங்கே ஒரு நிலையம் திட்டமிடப்பட்ட விதத்தைப் பார்த்துவிட்டு, தங்கள் பகுதிக்கும் நிலையம் வேண்டும் என்பவர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

ரயில் ஓட்டுவது ரயில்வே. டிக்கெட் காசும் அவங்களுக்குத்தான். அப்புறம் கிளாம்பாக்கத்துக்கு சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) ஏன் சார் பணம் கட்டணும்? (பொத்தேரி வாசகர்)

நிலையம் வேண்டும் என்று கேட்டது யார் என்பதைப் பொறுத்தது இது. ரயில்வே தன் தேவைக்காகக் கட்டினால் செலவு அவர்களுடைய பட்ஜெட்டில் வரும். வெளியார் கேட்டு, அவர்கள் செலவில் ரயில்வே செய்துகொடுப்பதற்கு ‘டெபாசிட் வேலை’ என்று பெயர். கிளாம்பாக்கம் இரண்டாவது வகை. பேருந்து முனையத்தை நகருக்கு வெளியே கொண்டுபோனது சி.எம்.டி.ஏ.; அதனால் சுமார் 20 கோடி ரூபாயை அதுவே தெற்கு ரயில்வேயிடம் செலுத்தியது.

டெபாசிட் வேலையில் ஒரு விஷயத்தை எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். கட்டும் தொகை மதிப்பீடுதான், இறுதி விலை கிடையாது. மதிப்பீட்டுக்கு மேல் ரயில்வேயின் மேற்பார்வைக் கட்டணம் சதவீதமாகச் சேரும். டெண்டர் தொகை கூடினாலோ, வேலை நடுவில் புதிதாக ஒன்று முளைத்தாலோ, வித்தியாசத்தைக் கேட்டவர்தான் கட்ட வேண்டும். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் கூடுதல் செலவுக்கு யார் ஒப்புதல், எத்தனை நாளில் பணம் வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அது இல்லாவிட்டால் இரண்டு கோடி வித்தியாசத்துக்காகக் கோப்பு இரண்டு அலுவலகங்களுக்கு இடையே மாதக்கணக்கில் அலையும், தளத்தில் வேலை நிற்கும்.

20 கோடியில் என்னென்ன வரும்?

நடைமேடைகள், அவற்றுக்குக் கூரை, டிக்கெட் அலுவலகம், நடைமேம்பாலம், விளக்கு, தண்ணீர், கழிப்பறை. புறநகர் மின்ரயில் பெட்டி ஒன்று சுமார் 21 மீட்டர். 12 பெட்டிக்கு 250 மீட்டர் சொச்சம். முன்னும் பின்னும் கொஞ்சம் இடம் விட்டு 270 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரம் தண்டவாள மட்டத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர்.

வரைபடம் போடும்போது அகலத்தில்தான் கஞ்சத்தனம் காட்டுவார்கள். கூரையைத் தாங்கும் தூண், தட நடுக்கோட்டிலிருந்து குறைந்தது 4.72 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நடைமேடை விளிம்பு அதே நடுக்கோட்டிலிருந்து சுமார் 1.68 மீட்டரில் வந்துவிடும். அப்படியானால் விளிம்புக்கும் தூணுக்கும் நடுவே 3 மீட்டர் கட்டாயம். இரண்டு தடங்களுக்கு நடுவே ஒரே மேடை என்றால் இது இரு பக்கமும் பொருந்தும். தூணையும் சேர்த்து ஆறரை மீட்டருக்குக் குறைந்தால் கூரையே போட முடியாது. அதில் படிக்கட்டையும் இறக்கினால் பக்கத்தில் நடக்க இடமிருக்காது. இருக்கும் தடங்களின் இடைவெளி இதற்குப் போதாது என்றால் தடத்தையே நகர்த்த வேண்டியிருக்கும். அப்போது 20 கோடி என்ற பேச்சே கிடையாது.

நிலையத்துக்கு 20 கோடி, அதை முனையத்தோடு சேர்க்கும் ஆகாய நடைபாலத்துக்கு 74 கோடியா? கணக்கு உதைக்குதே! (ஊரப்பாக்கம் வாசகர்)

கணக்கு சரிதான். இந்தத் திட்டத்திலிருந்து மற்ற ஊர்கள் கற்க வேண்டிய முக்கியமான பாடமே இது. நிலையம் ரயில்வே நிலத்தில், தரையில் எழுகிறது. நடைபாலம் சுமார் 400 மீட்டர், ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்ட வேண்டும், இடையில் தனியார் நிலம் உண்டு. மேலே ஏற நகரும் படிக்கட்டும் லிஃப்டும் வேண்டும். இவை இல்லாமல் கட்டுவது வீண். மின்கம்பிக்கு இடம் விட்டால் பாலத்தின் அடிப்பாகம் தண்டவாளத்திலிருந்து 6 மீட்டருக்கு மேல்தான் வரும். நடைமேடையிலிருந்து பாலத்தின் தளத்துக்கு ஏறக்குறைய 40 படி. திருநெல்வேலி பஸ்ஸில் இருந்து இரண்டு பெட்டியும் கைக்குழந்தையுமாக இறங்குகிறவர் இதை ஏற மாட்டார். சாலையைக் குறுக்கே கடக்கத்தான் பார்ப்பார்.

எந்த ஊராக இருந்தாலும் முதல் வரைபடத்திலேயே நிலையத்தையும் அதற்குப் போகும் வழியையும் ஒரே திட்டமாக, ஒரே முடிவு தேதியோடு போடுங்கள். ரயில்வே எல்லைக்குள் ஒருவர் பொறுப்பு, வெளியே இன்னொருவர், நடுவில் நிலம் எடுப்பது மாவட்ட நிர்வாகம் என்று பிரிந்துகிடந்தால், மூன்றில் எது கடைசியோ அதுதான் திறப்பு விழாத் தேதி.

நிலம் எடுக்க அவ்வளவு நாளாகுமா அண்ணா?

வேளச்சேரி–பரங்கிமலை பறக்கும் ரயில் நீட்டிப்பைப் பாருங்கள். மொத்தமே 5 கிலோமீட்டர். ஆதம்பாக்கத்தில் ஏறக்குறைய 500 மீட்டருக்கு இழப்பீட்டு வழக்கு வந்தது. மீதியெல்லாம் தூண் எழும்பி நிற்க, அந்த அரைக் கிலோமீட்டரால் பத்தாண்டுக்கு மேல் போயிற்று. 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் சந்தை மதிப்பின் மேல் 100 சதவீத ஆறுதல் தொகை உண்டு. அந்தத் தொகையை மதிப்பீட்டில் முழுசாகக் காட்ட வேண்டும். பழைய வழிகாட்டி மதிப்பை வைத்துக் குறைத்துக் காட்டினால் வழக்கு வருவது உறுதி. நிலம் இழப்பவர் நியாயமான விலை கேட்பதைத் தடங்கல் என்று பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

டிக்கெட் வருமானத்தில் செலவை எடுக்க முடியாதா?

முடியாது. புறநகர் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். தினம் 10,000 பேர் புதிதாக ஏறினால்கூட 50,000 ரூபாய், வருடத்துக்குச் சுமார் 1 கோடியே 82 லட்சம். சீசன் டிக்கெட்காரர்களைக் கணக்கில் எடுத்தால் அதுவும் குறையும். இதிலிருந்துதான் டிக்கெட் ஊழியர், துப்புரவு, மின்சாரம், லிஃப்ட் பராமரிப்பு எல்லாம் போக வேண்டும்.

‘புதிதாக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நேற்றுவரை வண்டலூரில் ஏறியவர் நாளை கிளாம்பாக்கத்தில் ஏறினால் ரயில்வேக்கு ஒரு காசு கூடவில்லை. மனுவில் “20,000 பேர் பயனடைவர்” என்று எழுதும்போது அதில் எத்தனை பேர் பஸ்ஸையும் பைக்கையும் விட்டு ரயிலுக்கு வருகிறவர்கள் என்று பிரித்துக் காட்டாவிட்டால், அதிகாரி அந்த எண்ணை அப்படியே ஒதுக்கிவிடுவார்.

ஒரு நிறுத்தம் கூடினால் செங்கல்பட்டு போகிறவர்களுக்கு எவ்வளவு நேரம் வீண்?

மணிக்கு 90 கிலோமீட்டரில், அதாவது நொடிக்கு 25 மீட்டரில் வரும் ரயில் என்று வையுங்கள். பிரேக் போட்டு நிற்பதில் இழப்பது சுமார் 18 நொடி, மறுபடி வேகமெடுப்பதில் சுமார் 25 நொடி, நிற்பது 30 நொடி. ஆக ஒன்றேகால் நிமிடம். பயணிக்கு இது பெரிதல்ல. ஆனால் பின்னால் அதே தடத்தில் விரைவு ரயில் வந்தால் அதுவும் தாமதமாகும். அதனால்தான் இயக்கப் பிரிவு முதலில் தயங்கும். எந்தத் தடத்தில் எந்த ரயில் நிற்கும் என்ற கால அட்டவணையோடு போனால் பாதித் தயக்கம் போய்விடும்.

அம்ரித் பாரத் திட்டத்தில் கேட்கலாமா?

இல்லை. அது ஏற்கெனவே இருக்கும் நிலையங்களைப் புதுப்பிக்க. புது நிலையத்துக்கு அந்தக் கதவைத் தட்டி நேரத்தை வீணாக்காதீர்கள்.

எம்.பி. நிதி?

வருடம் 5 கோடி, அதுவும் தொகுதி முழுமைக்கும். நிழற்குடை, இருக்கை, குடிநீர் என்று கேளுங்கள். மொத்த நிலையத்தையும் அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

பக்கத்தில் ஐ.டி. நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்களிடம் வாங்க முடியாதா? (சிறுசேரி வாசகர்)

முடியும், முன்மாதிரி இருக்கிறது. பெங்களூரு மெட்ரோவின் கோணப்பன அக்ரஹாரா நிலையத்துக்கு இன்போசிஸ் அறக்கட்டளை 200 கோடி ரூபாய் தர ஒப்புக்கொண்டது. நிலையத்தின் பெயரில் அறக்கட்டளையின் பெயரும் சேர்ந்தது. லண்டனில் பேட்டர்சீ வரை நார்தர்ன் சுரங்க ரயில் தடத்தை நீட்டியபோது சுமார் 100 கோடி பவுண்டு கடன் வாங்கி, அந்தப் பகுதியில் எழும் கட்டடங்கள் மீதான பங்களிப்பையும் வணிகக் கட்டடங்களின் வருங்கால வரி உயர்வையும் அதை அடைக்க ஒதுக்கினார்கள். 2021 செப்டம்பரில் நிலையம் திறந்தது.

இரண்டும் வேறு வேறு வழிகள். முதலாவது ஒரே பெரிய நிறுவனம் இருந்தால் நடக்கும். இரண்டாவதுக்கு, நிலையம் வருமுன்பே கட்டட அனுமதியோடு பங்களிப்பை இணைக்க வேண்டும். நிலையம் அறிவித்து, மனை விலை ஏறி, அடுக்குமாடிகள் விற்றுத் தீர்ந்தபின் கேட்டால் யாரும் தர மாட்டார்கள். நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஏறிய விலை முழுதும் தனியாருக்கு, நிலையச் செலவு முழுதும் வரிப்பணத்துக்கு என்று ஆகிவிடுகிறது. இது மாற வேண்டும்.

ஒரு நடைமேடை கட்ட ஏன் சார் இத்தனை மாதம்?

ஓடும் ரயிலுக்குப் பக்கத்தில் கட்டுவதால்தான். தடத்தை ஒட்டி எது செய்வதானாலும் ரயிலை நிறுத்திய இடைவேளை வேண்டும். மேலே செல்லும் 25,000 வோல்ட் மின்கம்பிக்கு அருகே என்றால் மின்சாரத்தையும் நிறுத்த வேண்டும். புறநகர்ப் பாதையில் இவை கிடைப்பது நள்ளிரவுக்குப் பின் சில மணி நேரம்தான். நடைமேம்பாலத்தின் உத்திரத்தைத் தூக்கிவைக்க ஒரே இரவு போதும். அந்த இரவைப் பெற வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிரேன் பழுதானால் அடுத்த இடைவேளைக்கு மறுபடி வரிசை.

தளத்தில் அடிக்கடி நடக்கும் கேடு மண்ணுக்குள் இருக்கிறது. தடத்தை ஒட்டி சிக்னல் கேபிளும் ஒளியிழைக் கேபிளும் சுமார் ஒரு மீட்டர் ஆழத்தில் போகும். ஜே.சி.பி. பல் ஒன்று பட்டால் சிக்னல் சிவப்பாகி, அந்தப் பகுதி ரயில்கள் வரிசையாக நிற்கும்; உடனே வேலைக்குத் தடை வரும். அடித்தளம் தோண்டுமுன் சிக்னல் பிரிவு ஊழியரை உடன் வைத்து, கடப்பாரை மண்வெட்டியால் சோதனைக் குழி எடுக்க வேண்டும். அப்புறம்தான் இயந்திரம்.

அடுத்தது மின்கம்பம். நடைமேடை வரும் இடத்தில் நிற்கும் கம்பங்களை முதலிலேயே மாற்ற வேண்டும். கட்டடப் பிரிவு மேடையைக் கட்டி முடித்தபின் மின்பிரிவு வந்து கம்பத்துக்காக அதை உடைத்த நிலையங்கள் உண்டு. புதுக் கூரை சிக்னலை மறைத்தால் ஓட்டுநருக்குத் தெரியாது. சிக்னலை நகர்த்த வேண்டும். ஆகவே பொது அமைப்பு வரைபடத்தில் கட்டடம், சிக்னல், மின்சாரம், இயக்கம் நான்கு பிரிவும் கையெழுத்திட்ட பின்பே டெண்டர். கடைசியில் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் ஒப்புதலும் உண்டு.

மேடைச் சுவரை ஒட்டிய மண் நிரப்பையும் பாருங்கள். அடுக்கடுக்காகக் கொட்டி, தண்ணீர் விட்டு, இறுக்காமல் ஒரே மூச்சில் நிரப்பினால், முதல் பருவமழையில் மேடைக் கல் இறங்கி விளிம்பில் கால் தடுக்கும்.

எங்கள் குடியிருப்போர் சங்கம் மனு கொடுக்கப் போகிறது. எதை இணைக்கலாம்?

கையெழுத்துத் தாள் எத்தனை கட்டு என்பதை ரயில்வே கோட்ட அலுவலகத்தில் யாரும் எண்ணுவதில்லை. இவற்றை இணையுங்கள்: செவ்வாய் முதல் வியாழன் வரை, காலை 7 முதல் 10, மாலை 5 முதல் 8 மணிக்கு, பக்கத்து இரு நிலையங்களிலும் உங்கள் பகுதி பேருந்து நிறுத்தங்களிலும் எடுத்த ஆள் கணக்கு. உத்தேச இடத்திலிருந்து 10 நிமிடம் நடக்கும் தூரத்தை வரைபடத்தில் வட்டம் போட்டுக் காட்டாமல், உண்மையான தெருவழியாக நடந்து அளந்து காட்டுங்கள். இடையில் கால்வாயோ மதில்சுவரோ இருந்தால் வட்டம் பொய் சொல்லும். தடம் அங்கே நேராக, சமமாக இருக்கிறதா என்ற குறிப்பும் வேண்டும். வளைவில் பெட்டிக்கும் மேடைக்கும் இடைவெளி விழும், நிலையப் பகுதிச் சரிவுக்கும் 400-க்கு 1 என்று வரம்பு உண்டு.

எல்லாவற்றையும் விட முக்கியம், செலவை ஏற்கும் அமைப்பின் தீர்மானம். நகராட்சியோ, சி.எம்.டி.ஏ.யோ, மாநில அரசோ, எதுவானாலும் சரி. மனுவின் ஒரு பிரதி கோட்ட மேலாளருக்கு, ஒன்று எம்.பி.க்கு, ஒன்று சென்னை என்றால் கும்டாவுக்கு (சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம்). அந்தத் தீர்மானம் இல்லையென்றால், முதலில் ஆய்வுச் செலவை மட்டுமாவது ஏற்கும்படி நகராட்சியைக் கேளுங்கள். அது கைக்கு வந்தபின் மனுவைக் கொடுங்கள்.