அம்மாவைத் தாய்ச்சிக்கு அனுப்பலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் வசிக்கிறோம். அம்மாவுக்கு 72 வயது. போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது; ஆனால் அன்றிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். எங்கள் பிளாக்குக்குக் கீழே தினமும் காலையில் சீனப் பாட்டிகள் தாய்ச்சி (மெதுவாக அசைந்து செய்யும் சீன உடற்பயிற்சி) செய்கிறார்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி கூப்பிடுகிறார். அம்மாவோ, "சும்மா காற்றில் கையை ஆட்டினால் பலம் வந்துவிடுமா?" என்கிறார். மூட்டு வலி உண்டு, ரத்த அழுத்த மாத்திரையும் சாப்பிடுகிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்புங்கள். அம்மாவின் சந்தேகத்தில் பாதி நியாயம் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

தாய்ச்சியில் கையைப் பார்க்கக்கூடாது, காலைப் பார்க்க வேண்டும். 'மேகக்கை' என்று ஓர் அசைவு உண்டு. கைகள் இரண்டும் முகத்துக்கு முன்னால் மாறி மாறி வட்டமிடும். பார்க்கிறவர் கண் அங்கேயே நின்றுவிடும். கீழே என்ன நடக்கிறது? முழங்கால் லேசாக மடங்கியிருக்க, உடம்பின் எடை முழுவதும் மெல்ல வலது காலுக்குப் போகிறது. இடது கால் காலியாகிறது. காலியான பிறகே அது தரையை விட்டு எழுகிறது. சீன ஆசிரியர்கள் இதை 'நிறைந்த கால், காலியான கால்' என்பார்கள். வயதானவர்கள் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்: எடை முழுதாக மாறுவதற்குள் அடுத்த காலை எடுத்துவிடுகிறார்கள். வேகமாகச் செய்தால் அந்தத் தப்பு தெரியாது, மெதுவாகச் செய்தால் மறைக்க முடியாது.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில் 670 பேர் இருந்தார்கள். எல்லோரும் 70 வயதைத் தாண்டியவர்கள். முந்தைய வருடம் விழுந்தவர்கள் அல்லது நடையில் சிரமம் உள்ளவர்கள். கிட்டத்தட்ட உங்கள் அம்மா மாதிரிதான். வாரம் இரண்டு முறை, ஒரு மணி நேரம், 24 வாரம். வெறுமனே உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி செய்தவர்களைவிடத் தாய்ச்சி செய்தவர்கள் விழுந்தது 58 சதவீதம் குறைவு. எல்லா ஆய்விலும் இவ்வளவு பெரிய பலன் தெரிவதில்லை. ஆனாலும் பத்து நாள் போய்விட்டு ஒன்றும் ஆகவில்லை என்று நிறுத்தினால் பலனே இருக்காது. குறைந்தது ஆறு மாதம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பலம்? தாய்ச்சியால் தொடைக்கும் கணுக்காலுக்கும் ஓரளவு பலம் வரும். கரைந்துபோன தசையை மீட்க அது மட்டும் போதாது. கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியில் அம்மாவை உட்காரவைத்து, கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்து எழுந்து உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். இந்த வயதில் 30 விநாடிக்குள் 10 தடவைகூட முடியவில்லை என்றால் தொடைப் பலம் குறைவு. அப்போது இதையே வீட்டில் பயிற்சியாகவும் செய்யலாம், முதலில் கையை ஊன்றி எழுந்தாலும் பரவாயில்லை. சாப்பாட்டில் பருப்பு, முட்டை, மீன் போதுமான அளவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எனக்குக் கவலை தருவது மணிக்கட்டுதான். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்தது என்றால் அது எலும்பின் அடர்த்தி குறைந்துவிட்டதன் (ஆஸ்டியோபோரோசிஸ்) அடையாளமாக இருக்கலாம். எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்தாரா? நீங்கள் எழுதவில்லை. செய்யவில்லை என்றால் உடனே செய்துவிடுங்கள், அதற்கு மருந்து இருக்கிறது. அப்படியே, படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் ரத்த அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 புள்ளி இறங்கினால் மாத்திரையை மாற்ற வேண்டியிருக்கலாம். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மூட்டு வலிக்கு ஒரே விதி: தாய்ச்சி செய்யும்போது முழங்காலை அதிகம் மடக்கித் தாழ இறங்க வேண்டாம். மடங்கும் முழங்கால், பாத விரல் நுனியைத் தாண்டி முன்னால் போகக்கூடாது, உள்பக்கமும் சாயக்கூடாது. ஒற்றைக் காலில் நிற்கும் 'சேவல்' நிலை வரும்போது அம்மா இரு காலிலும் நிற்கட்டும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். செருப்பு வேண்டாம், தட்டையான அடிப்பாகம் உள்ள காலணி போதும். தரை ஈரமாக இருந்தால் அன்றைக்கு விடுமுறை.

முதல் நாள் நடுவரிசையில் நிற்கச் சொல்லுங்கள். புதிதாகப் போகிறவர்கள் கூச்சத்தில் கடைசி வரிசைக்குப் போய்விடுவார்கள். எல்லோரும் திரும்பும் அசைவு வந்ததும் கடைசி வரிசை முதல் வரிசையாகிவிடும், பார்த்துச் செய்ய முன்னால் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.