புது ஊரில் என் 4 வயது மகனை எந்தப் பிள்ளையும் விளையாட்டில் சேர்ப்பதில்லை. கூச்ச சுபாவமா, டாக்டரிடம் காட்டலாமா?

வீட்டில் நன்றாகப் பேசி, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற பிள்ளை என்றால் முதலில் டாக்டரிடம் ஓடாதீர்கள். நான் ஓடினேன், அதனால் சொல்கிறேன்.

என் மகள் புனேயில் பிறந்தவள். நாலரை வயதில் மதுரைக்கு வந்தோம். வீட்டில் தமிழ்தான், ஆகவே மொழிப் பிரச்சினை இல்லை. ஆனாலும் அபார்ட்மெண்ட் பிள்ளைகள் இவளை ஒட்ட விடவில்லை. தினமும் தூணைப் பிடித்தபடி நின்றுவிட்டு வருவாள். "பழகத் தெரியாத பிள்ளை, நீ வளர்த்த லட்சணம்" என்று சொந்தக்காரர்கள் என்னைத்தான் சொன்னார்கள். இன்னும் ஆறவில்லை.

ஒருநாள் பக்கத்தில் போய் நின்று கவனித்தேன். ஒரு சிறுமி கோபத்தில், "உன் கூட காய்" என்றாள். இவள், "என்ன காய்?" என்று கேட்டாள். அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். புனேயில் அதற்குக் 'கட்டி', திரும்பச் சேர்ந்தால் 'பட்டி'. பழம் விடத் தெரியாமல் நாலு நாள் தனியாக நின்றிருக்கிறாள், பாவம்.

அப்புறம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து குலைகுலையா முந்திரிக்கா ஆரம்பித்தார்கள். துணியை ஒருவர் முதுகுக்குப் பின்னால் போட்டுவிட்டு ஓடுகிற இதே ஆட்டத்தைப் புனேயில் 'மாமாவின் கடிதம் தொலைந்துபோச்சு' என்று மராத்தியில் பாடி ஆடுவார்கள். ஆட்டம் இவளுக்கு அத்துப்படி. பாட்டு தெரியாது, அவ்வளவுதான்.

அன்று ராத்திரியே தொடங்கினேன். குலைகுலையா, ஒரு குடம் தண்ணி ஊத்தி, சா பூ த்ரீ, காய், பழம். பத்து நாள் கழித்து, "நரியே நரியே சுத்தி வா" என்று இவள் குரல் எடுத்ததும், காய் விட்ட அதே சிறுமி நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினாள்.

ஒரு பிள்ளையை வைத்து எல்லோருக்கும் சொல்லலாமா என்று சிலர் கேட்பீர்கள். 2016-இல் 'காக்னிஷன்' ஆய்விதழில் கயே சொலே, எலிசபெத் ஸ்பெல்கி என்ற உளவியலாளர்கள் இதைத்தான் எழுதினார்கள். 4, 5 வயதுப் பிள்ளைகள், தங்களுக்குத் தெரிந்த பாட்டைத் தெரிந்துவைத்திருக்கும் பிள்ளையை விரும்பினார்கள். தங்களுக்குத் தெரியாத பாட்டை அறிந்த பிள்ளையிடமிருந்து விலகினார்கள். அந்தப் பாட்டு அந்தப் பிள்ளைக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பதை அவர்கள் பார்க்கவே இல்லை. எல்லாப் பிள்ளைக்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதலில் இதைப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கார்களில் கீறல் விழுகிறதென்று எங்கள் அசோசியேஷன் இப்போது கீழே விளையாடவே தடை போட்டுவிட்டது. கீறலுக்குப் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம். புதிதாகக் குடிவருகிற பிள்ளை இந்தப் பாட்டையெல்லாம் யாரிடம் கற்கும்? மீட்டிங்கில் கேட்டேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சரி, நீங்கள் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு வந்திருக்கிறீர்கள்? எழுதுங்கள். அங்கே பிள்ளைகள் காய் விடுவதற்கு என்ன சொல்வார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் யாராவது சொல்வார்கள்.