வாசகர் கேள்வி பதில்: சி-ல பொதுவான ஸ்ட்ரீம் இன்டர்ஃபேஸ் எப்படி எழுதறது?

கேள்வி: சி மொழில ஒரு பார்சர் (டேட்டாவைப் படிச்சு அர்த்தம் பிரிக்கற கோடு) எழுதி வச்சிருக்கேன். ஃபைல் பாயின்டர் வாங்கிட்டு கெட்சி கூப்பிட்டு ஒவ்வொரு எழுத்தா படிக்குது. இப்ப அதே பார்சர் மெமரில இருக்கற டேட்டாவையும், சாக்கெட்ல வர்றதையும், ஜிஜிப் பண்ணின, அதாவது சுருக்கி வச்ச ஃபைலையும் படிக்கணும். நாலு காப்பி எழுத மனசு வரல. எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

பதில்: நாலு காப்பி எழுத மனசு வரலன்னு சொன்னீங்க பாருங்க, அதுவே சரியான இடத்துக்கு வந்துட்டீங்கன்னு அர்த்தம். உங்க பார்சருக்கு டேட்டா எங்கேர்ந்து வருதுன்னு தெரியவே கூடாது, "அடுத்த கொஞ்சம் பைட் குடு"ன்னு கேக்க ஒரு வழி இருந்தா அதுக்குப் போதும், அந்த வழியைத்தான் ஸ்ட்ரீம்னு சொல்றோம்.

சி-ல இதைச் செய்யற வழி ரொம்ப வருஷமா ஒண்ணுதான். ஃபங்ஷன் பாயின்டர்கள் அடங்கின ஒரு டேபிள், அந்த டேபிளைச் சுட்டற ஒரு ஸ்ட்ரக்ட். லினக்ஸ் கர்னல்ல ஃபைல் ஆபரேஷன்ஸ்னு இருக்கற ஸ்ட்ரக்ட் இதேதான், எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் ஃபைல்களைத் தொட வச்சிருக்கற விஎஃப்எஸ் இதேதான், ஓபன்எஸ்எஸ்எல்ங்கற என்க்ரிப்ஷன் லைப்ரரில பயோன்னு சொல்றதும் இதேதான். டேபிளை கான்ஸ்ட்டா வைங்க, ஒவ்வொரு வகைக்கும் ஒரே ஒரு டேபிள் போதும், ஸ்ட்ரீம் ஒவ்வொண்ணுலயும் அஞ்சாறு ஃபங்ஷன் பாயின்டரைக் காப்பி அடிச்சு வைக்க வேண்டாம்.

ஒவ்வொரு வகைக்கும் சொந்தத் தகவல் இருக்குமே, அதை எங்க வைக்கறதுன்னு அடுத்து கேப்பீங்க. வாய்ட் பாயின்டர் ஒண்ணு வச்சுக்கலாம், நிறைய பேர் அப்படித்தான் செய்யறாங்க. எனக்குப் பிடிச்சது வேற: மெமரி ரீடர்னு ஒரு ஸ்ட்ரக்ட், அதோட முதல் மெம்பரா பொதுவான ஸ்ட்ரீம் ஸ்ட்ரக்ட், அதுக்குக் கீழ டேட்டாவோட முகவரி, நீளம் எல்லாம். ஒரு ஸ்ட்ரக்டோட பாயின்டரை அதோட முதல் மெம்பரோட பாயின்டரா மாத்தலாம், திரும்பவும் மாத்தலாம்னு சி ஸ்டாண்டர்டே உத்தரவாதம் குடுக்குது. இப்படிச் செஞ்சா மேலாக்னு ஹீப்லேர்ந்து மெமரி வாங்கற ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டிய அவசியம் இல்ல, கூப்பிடறவங்க ஸ்டாக்லயே ஸ்ட்ரக்டை வச்சு இனிட் ஃபங்ஷன் ஒண்ணு கூப்பிட்டா முடிஞ்சுது. ஹீப்பே இல்லாத சின்ன போர்டுல ஓடற கோடுக்கு இது பெரிய வரம்.

ஒண்ணு மட்டும் உறுதியாச் சொல்றேன். படிக்கறதுக்கு ஒரு ஸ்ட்ரக்ட், எழுதறதுக்கு வேற ஒரு ஸ்ட்ரக்ட்னு பிரிச்சிடுங்க. ரெண்டையும் சேர்த்து ஒரே "ஸ்ட்ரீம்" ஆக்கினா பாதி ஃபங்ஷன் பாயின்டர் எப்பவும் எதையும் சுட்டாத "நல்" (NULL) மதிப்போட நிக்கும், ரீட் மட்டும் பண்ணத் தெரிஞ்சதை ரைட் பண்ணச் சொல்லி யாராவது கூப்பிடுவாங்க, அது ஓடும்போதுதான் தெரியும். பிரிச்சு வச்சா கம்பைலரே பிடிச்சுக் குடுத்துடும். சி-யோட சொந்த ஃபைல் லைப்ரரியான எஸ்டிடிஐஓ-ல ரெண்டும் சேர்ந்து இருக்கறதாலதான் அப்டேட் மோட்ல திறந்த ஃபைல்ல எழுதிட்டு உடனே படிக்கணும்னா நடுவுல எஃப்ஃப்ளஷோ எஃப்சீக்கோ கூப்பிடணும்னு ஒரு விதி இருக்கு, அந்த விதி தெரியாம ராத்திரி முழுக்க உக்காந்து தேடினவங்க எத்தனை பேரோ.

கேள்வி: ரீட் ஃபங்ஷன் என்ன ரிட்டர்ன் பண்ணணும்? சி லைப்ரரியோட எஃப்ரீட் மாதிரி எண்ணிக்கையா, போசிக்ஸ்ங்கற யூனிக்ஸ் ஸ்டாண்டர்டோட ரீட் மாதிரி -1, 0, எண்ணிக்கைன்னா?

பதில்: மொத்த டிசைன்லயும் இதுதான் முக்கியமான கேள்வி, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

ரீட் கூப்பிட்டா மூணு விஷயம்ல ஒண்ணு நடக்கும். டேட்டா வந்துச்சு, டேட்டா தீர்ந்துடுச்சு, ஏதோ உடைஞ்சுடுச்சு. இந்த மூணையும் கூப்பிடறவங்க குழப்பமில்லாம பிரிச்சுப் பாக்க முடியணும். எஃப்ரீட் கேட்டதை விடக் கம்மியாக் குடுத்தா அது ஃபைல் முடிஞ்சதாலயா, டிஸ்க் பிழையாலயான்னு ரிட்டர்ன் மதிப்பை வச்சுச் சொல்லவே முடியாது, எஃப்இஓஎஃப், எஃப்எரர்னு தனியாக் கேக்கணும். நிறைய பேர் கேக்கறதே இல்ல, அதனால பாதி படிச்ச ஃபைலை முழு ஃபைல்னு நினைச்சு ப்ரோக்ராம் ஜாலியா மேல போயிடுது. இன்னொண்ணு, எஃப்இஓஎஃப் முன்கூட்டியே சொல்லாது, ஒரு தடவை படிக்கப் போய் முடிவுல முட்டினதுக்கு அப்புறம்தான் உண்மைன்னு சொல்லும். அதை வைல் லூப்போட கண்டிஷனா வச்சு, கடைசி வரியை ரெண்டு தடவை ப்ராசஸ் பண்ற கோடு உலகம் பூரா இருக்கு.

போசிக்ஸ் ரீட் இதுல தெளிவு. நேர்ம எண் வந்தா டேட்டா, 0 வந்தா முடிவு, -1 வந்தா பிழை. ஆனா பிழை என்னன்னு எர்னோங்கற பொதுவான பிழை எண்ல போய்ப் பாக்கணும், உங்க ஜிஜிப் ரீடர் "செக்சம் ஒத்துப்போகல"ன்னு சொல்ல விரும்பினா எர்னோல அதுக்கு இடமில்ல.

நான் செய்யறது இப்படி. ரிட்டர்ன் மதிப்பு ஒரு இனம் (enum, பேர் வச்ச மதிப்புகளோட பட்டியல்): சரி, முடிவு, அதுக்கப்புறம் பிழை வகைகள். எத்தனை பைட் வந்துச்சுங்கறது சைஸ்-டி பாயின்டர் வழியா வெளிய போகும். இதோட சில விதிகளை ஹெடர் ஃபைல்லயே கமென்டா எழுதி வைங்க. "சரி"ன்னு வந்தா குறைஞ்சது 1 பைட் இருக்கும். "முடிவு"ன்னோ பிழைன்னோ வந்தா 0 பைட்தான். 100 பைட் கேட்டு 40 வந்ததும் பிழை வந்தா, முதல்ல 40-ஐயும் "சரி"யையும் குடுத்துட்டு பிழையை ஸ்ட்ரீமுக்குள்ள ஞாபகம் வச்சுக்கணும், அடுத்த தடவை கேக்கும்போது பிழையைச் சொல்லணும், அதுக்கப்புறம் எத்தனை தடவை கேட்டாலும் அதே பிழைதான். கேட்ட அளவே 0-ன்னா பின்னாடி இருக்கற ஃபங்ஷனைத் தொடவே கூடாது, மேல இருக்கற ரேப்பரே (டேபிள்ல இருக்கறதை உங்களுக்காகக் கூப்பிடற பொது ஃபங்ஷன்) "சரி, 0"ன்னு திருப்பி அனுப்பிடணும், மேல சொன்ன விதிக்கு விலக்கு இது ஒண்ணுதான்.

கேட்டதை விடக் கம்மியா வர்றது தப்பே இல்லன்னும் எழுதி வைங்க. சாக்கெட்ல 4096 கேட்டா 17 வரலாம், அது சகஜம். முழுசா வேணும்னா "சரியா இத்தனை பைட் குடு"ன்னு ஒரு உதவி ஃபங்ஷன் மேல எழுதிக்கங்க, அது லூப்ல ரீட் கூப்பிடும். அதுல நடுவுல முடிவு வந்துட்டா சாதாரண முடிவுன்னு சொல்லக் கூடாது, "பாதில அறுந்துடுச்சு"ன்னு தனிப் பிழை வேணும். 8 பைட் ஹெடர்ல 5 பைட்தான் கிடைச்சுதுன்னா அந்த ஃபைல் கெட்டுப்போன ஃபைல், காலி ஃபைல் கிடையாது.

சிக்னல் வந்து ரீட் இடைல நின்னு இஐஎன்டிஆர்ங்கற பிழை எண் வர்ற விவகாரத்தை ஃபைல் டிஸ்கிரிப்டர் வகை உள்ளுக்குள்ளயே திரும்ப முயற்சி பண்ணித் தீத்துக்கட்டும், பார்சர் வரைக்கும் அது வரவே கூடாது.

கேள்வி: ஒவ்வொரு பைட்டுக்கும் ஃபங்ஷன் பாயின்டர் வழியாப் போனா ரொம்ப மெதுவா இருக்காதா?

பதில்: இருக்கும். கம்பைலரால அந்த ஃபங்ஷன் காலை இன்லைன் பண்ண, அதாவது ஃபங்ஷனோட கோடை அதே இடத்துல விரிச்சுப் போட முடியாது, அதுக்குப் பின்னாடி சிஸ்டம் கால் வேற இருந்தா கேக்கவே வேண்டாம்.

பஃபரை பொதுவான ஸ்ட்ரக்டுக்குள்ளயே கொண்டு வாங்க. இப்ப எங்க இருக்கோம்னு ஒரு பாயின்டர், இருக்கற டேட்டா எங்க முடியுதுன்னு ஒரு பாயின்டர், அவ்வளவுதான். அடுத்த பைட் வேணும்னா ரெண்டு பாயின்டரையும் ஒப்பிட்டு, டேட்டா இருந்தா எடுத்துக்கிட்டு பாயின்டரை நகர்த்தற சின்ன ஸ்டாட்டிக் இன்லைன் ஃபங்ஷன். தீர்ந்தா மட்டும் டேபிள்ல இருக்கற ஃபில் ஃபங்ஷனைக் கூப்பிடணும். இது புதுசே இல்ல, 1979-ல வந்த யூனிக்ஸ் 7-வது பதிப்புலயே கெட்சி ஒரு மேக்ரோவாத்தான் இருந்துச்சு, மிச்சம் எத்தனைன்னு ஒரு கவுன்ட்டரைக் குறைச்சுப் பாத்து, இருந்தா பஃபர்லேர்ந்து நேரா எடுக்கும், இல்லன்னா ஃபில்பஃப்னு ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும். அத்தனை வருஷம் முன்னாடி போட்ட கணக்கு இன்னிக்கும் அப்படியே செல்லுதுங்கறது எனக்கு எப்பவும் ஆச்சரியமாத்தான் இருக்கு.

இதுல கூடுதல் லாபம் ஒண்ணு. மெமரி ரீடருக்கு பஃபரே வேண்டாம், உங்க டேட்டாவோட ஆரம்பத்தையும் முடிவையும் அந்த ரெண்டு பாயின்டர்ல போட்டுட்டா ஒரு பைட் கூடக் காப்பி ஆகாம பார்சர் நேரா படிக்கும். முன்னாடி எட்டிப் பாக்கற வசதியும் சுலபமா வந்துடும். படிச்ச எழுத்தைத் திருப்பி வைக்கற அன்கெட்சி ஒரே ஒரு எழுத்துக்குத்தான் உத்தரவாதம், நாலு பைட் பாத்துட்டு முடிவெடுக்கற பார்சருக்கு அது பத்தாது, பஃபர் உங்க கைல இருந்தா பத்து பைட் கூட எட்டிப் பாக்கலாம்.

அடுத்த பைட்டைத் தர்ற ஃபங்ஷன் இன்ட் ரிட்டர்ன் பண்ணணும், ஒரு பைட் அளவே உள்ள கேர் (char) டைப் கூடாது, ஏன்னா முடிவைச் சொல்ல -1 தனியா வேணும். 255 மதிப்புள்ள பைட்டும் -1-ம் கேர்ல போட்டா நிறைய மெஷின்ல ஒண்ணாயிடும், படம் மாதிரி பைனரி ஃபைலைப் படிக்கும்போது நடுவுலயே முடிஞ்சுபோச்சுன்னு நின்னுடும்.

கேள்வி: எழுதற பக்கத்துக்கு என்ன கவனிக்கணும்? ரீட் மாதிரியே திருப்பிப் போட்டா போதுமா?

பதில்: போதாது, எழுதற பக்கத்துல ஆபத்து ஜாஸ்தி. படிக்கறது தப்பினா திரும்பப் படிக்கலாம், எழுதினது காணாமப் போனா யூசரோட டேட்டா போச்சு.

ரைட் பாதிதான் எழுதிட்டுத் திரும்பி வரலாம். மிச்சத்தைத் திரும்ப அனுப்பற லூப்பை ரேப்பர்ல ஒரே இடத்துல எழுதுங்க, வெளிய இருக்கறவங்களுக்கு "எல்லாம் எழுதியாச்சு" இல்லன்னா "பிழை", ரெண்டுல ஒண்ணுதான் தெரியணும். பின்னாடி இருக்கறது பிழையும் சொல்லாம 0 பைட் எழுதினேன்னு சொன்னா அதையும் பிழைன்னு எடுத்துக்கங்க, இல்லாட்டி லூப் சுத்திக்கிட்டே இருக்கும்.

க்ளோஸ் ஃபங்ஷனை எதையும் ரிட்டர்ன் பண்ணாத வாய்ட்னு எழுதிடாதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன். பஃபர்ல கடைசியா நிக்கற டேட்டா க்ளோஸ் பண்ணும்போதுதான் ஆபரேட்டிங் சிஸ்டம்கிட்ட போகும், டிஸ்க் நிறைஞ்சிருந்தா அந்தப் பிழை அப்பதான் தெரியும். எஃப்க்ளோஸ் ரிட்டர்ன் மதிப்பு வச்சிருக்கறதே அதுக்குத்தான். அதைப் பாக்காம "சேமிச்சாச்சு"ன்னு திரையில காட்டற ப்ரோக்ராம் யூசர்கிட்ட பொய் சொல்லுது.

கேள்வி: ஜிஜிப் மாதிரி ஒரு ஸ்ட்ரீம் மேல இன்னொரு ஸ்ட்ரீம் வச்சா, மேல இருக்கறதை மூடும்போது கீழ இருக்கறதும் மூடணுமா?

பதில்: என் பதில், மூடக் கூடாது. திறந்தவங்கதான் மூடணும். ஒரே சாக்கெட்ல முதல் பகுதி கம்ப்ரெஸ் பண்ணினது, அடுத்தது சாதாரண டெக்ஸ்ட்னு வர்ற ப்ரோட்டோகால் இருக்கு, ஜிஜிப் அடுக்கை மூடினதும் சாக்கெட்டும் போயிட்டா என்ன செய்வீங்க? கீழ இருக்கறதையும் சேர்த்து மூடணும்னு விரும்பறவங்களுக்கு இனிட்ல ஒரு ஃப்ளாக் வச்சிடுங்க. ஜிஜிப் ரீடர் தன் பஃபருக்காகத் தேவைக்கு மேல படிச்சிருந்தா அந்த மிச்ச பைட்டுகளைக் கீழ இருக்கற ஸ்ட்ரீமுக்கே திருப்பித் தரணும்னும் ஞாபகம் வைங்க, கீழ இருக்கறதோட பஃபர்லேர்ந்து நேரா எடுத்தா இந்தத் தலைவலியே வராது.

அப்புறம் ஃப்ளஷ் வேற, முடிச்சு வைக்கறது வேற. ஃப்ளஷ்னா இதுவரைக்கும் இருக்கறதைத் தள்ளிவிடு, இன்னும் எழுதுவேன்னு அர்த்தம். முடிக்கும்போது ஜிஜிப் கடைசில 8 பைட் எழுதும், 4 பைட் சிஆர்சிங்கற செக்சம், 4 பைட் மூல அளவு. ஜிஜிப்புக்கு எல்லாரும் பயன்படுத்தற இசட்லிப் லைப்ரரில இதுக்கு சின்க் ஃப்ளஷ், ஃபினிஷ்னு தனித்தனி வச்சிருக்காங்க, உங்க டேபிள்லயும் ரெண்டா வைங்க.

கேள்வி: சீக், அதாவது ஸ்ட்ரீம்ல வேணும்ங்கற இடத்துக்குத் தாவற வசதி வேணுமா?

பதில்: சாக்கெட்டுக்கு சீக் கிடையாது, அதனால எல்லாருக்கும் கட்டாயம் ஆக்காதீங்க. டேபிள்ல அந்த இடம் "நல்" (NULL) மதிப்பா இருந்தா "இந்த வசதி இல்ல"ன்னு பிழை. இடத்தைக் குறிக்க 64 பிட் இன்டிஜர் போடுங்க, லாங் வேண்டாம், 64 பிட் விண்டோஸ்ல கூட லாங் 32 பிட்தான், 2 ஜிபி தாண்டினா எஃப்சீக் அங்க தடுமாறும். பஃபர் இருக்கும்போது நீங்க படிச்ச இடமும் கீழ இருக்கற ஃபைலோட இடமும் ஒண்ணு இல்ல, கீழ இருக்கறது முன்னாடி ஓடிப்போயிருக்கும். "இங்கேர்ந்து 10 தள்ளு"ன்னு கேட்டா பஃபர்ல படிக்காம மிச்சம் இருக்கறதைக் கழிச்சுட்டு அப்புறம் சீக் பண்ணணும்.

கேள்வி: இவ்வளவு எதுக்கு, நம்ம சொந்த ரீட், ரைட் ஃபங்ஷன்களை ஒரு ஃபைல் பாயின்டருக்குப் பின்னாடி மாட்டற எஃப்ஓப்பன்குக்கி வச்சு ஃபைல் பாயின்டரையே ஏமாத்திடலாமே?

பதில்: லினக்ஸ்ல மட்டும் ஓடற கோடுன்னா தாராளமா. அது ஜிலிப்சிங்கற லினக்ஸ் சி லைப்ரரியோட வசதி, பிஎஸ்டி பக்கம் ஃபன்ஓப்பன்னு வேற பேர்ல வேற மாதிரி இருக்கு. மெமரிலேர்ந்து படிக்க மட்டும்னா எஃப்மெம்ஓப்பன் போசிக்ஸ் 2008-லயே வந்தாச்சு. ஆனா இது எதுவும் சி ஸ்டாண்டர்ட்ல இல்ல, விண்டோஸோட சி லைப்ரரிலயும் கிடைக்காது, மேல சொன்ன பிழை குழப்பங்களும் அப்படியே கூட வரும். ஃபைல் பாயின்டர் மட்டுமே வாங்கற பழைய லைப்ரரியோட பேச வேண்டியிருந்தா அதுதான் நல்ல பாலம்.

கேள்வி: என் அவுட்புட் ஸ்ட்ரீமுக்கு பிரின்ட்எஃப் மாதிரி ஒண்ணு வேணும். முழுசா நானே எழுதணுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஸ்டாக்ல 256 பைட் பஃபர் வச்சு பஃபர்ல அளவு தாண்டாம எழுதற விஎஸ்என்பிரின்ட்எஃப் கூப்பிடுங்க. சி99-லேர்ந்து அது இடம் பத்தலன்னாலும் மொத்தம் எத்தனை எழுத்து வேணும்னு சொல்லும், பத்தலன்னா மேலாக் கூப்பிட்டு இடம் வாங்கி ரெண்டாவது தடவை கூப்பிடுங்க. ரெண்டு தடவை கூப்பிடறதால விஏ லிஸ்டை (கூப்பிட்டவங்க குடுத்த மதிப்புகளோட பட்டியல்) முதல்லயே விஏ காப்பி பண்ணி வச்சுக்கணும், பண்ணாம விட்டா சில மெஷின்ல நல்லா ஓடி சில மெஷின்ல குப்பையாக் கொட்டும்.

கேள்வி: இதையெல்லாம் எப்படி டெஸ்ட் பண்றது?

பதில்: இன்டர்ஃபேஸ் எழுதினதோட உண்மையான பலன் இங்கதான் கிடைக்குது. எப்ப கேட்டாலும் 1 பைட் மட்டுமே குடுக்கற ரீடர் ஒண்ணு எழுதுங்க, இருபது வரிதான் வரும், உங்க எல்லா டெஸ்டையும் அது வழியா ஓட்டுங்க. ஒரே தடவைல முழு ஹெடரும் வந்துடும்னு நம்பி எழுதின இடமெல்லாம் வரிசையா விழும். அப்புறம் என்-ஆவது பைட்ல பிழை குடுக்கற ரீடரும் ரைட்டரும், அந்த என்-ஐ 0-லேர்ந்து ஃபைலோட நீளம் வரைக்கும் ஒரு லூப்ல ஏத்திக்கிட்டே போங்க, கூடவே மெமரி லீக் பாக்கற அட்ரஸ் சானிடைசரையும் ஆன் பண்ணிடுங்க. நிஜ டிஸ்க்கை நிரப்பி, நிஜ நெட்வொர்க்கை அறுத்துப் பாக்காமலே அத்தனை பிழை வழிகளும் ஒரு தடவையாவது ஓடியிருக்கும்.