ஆஸ்திரேலியாவில் கழிப்பறைத் தண்ணீர் எதிர்த் திசையில் சுழலும் என்கிறார்களே, உண்மையா?

இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு அப்பாவின் சானிட்டரிவேர் கடையைப் பார்த்துக்கொள்பவன் நான். இந்தக் கேள்விக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கடினம். எனவே சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உண்மையில்லை. கம்மோடில் தண்ணீர் எந்தப் பக்கம் சுழல வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதை வார்த்தெடுத்த தொழிற்சாலை. பூமிக்கு அதில் பங்கில்லை.

நம்பிக்கை வராவிட்டால் முகம் பார்க்கும் சிறிய கண்ணாடி ஒன்றைக் கம்மோடு விளிம்பின் அடியில் காட்டிப் பாருங்கள். வரிசையாகத் துளைகள் தெரியும். ஃப்ளஷ் டேங்கிலிருந்து வரும் தண்ணீர் அவற்றின் வழியாகத்தான் இறங்குகிறது. துளைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் தண்ணீர் அந்தப் பக்கமாகச் சுற்றும். நேராகக் கீழ்நோக்கி இருந்தால் சுற்றாமல் வழிந்து போகும். இப்போது ‘டொர்னாடோ’ என்றெல்லாம் பெயர் வைத்து விற்கும் வகைகளில் விளிம்புத் துளைகளே கிடையாது. பக்கவாட்டில் பீய்ச்சும் வாய்கள்தான் தண்ணீரைச் சுழற்றுகின்றன. அதே கம்மோடைச் சென்னையில் பொருத்தினாலும் சிட்னியில் பொருத்தினாலும் ஒரே திசையில்தான் சுற்றும்.

இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் சைபன் வகை. கிண்ணத்தில் தண்ணீர் நிறைய நின்று, சுழன்று, ஒரே மூச்சில் உறிஞ்சப்பட்டு இறங்கும். ஆஸ்திரேலியாவில் புழங்குவது வேறு வகை. அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். மேலிருந்து விழும் தண்ணீர் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போய்விடும். மெல்போர்னில் இருக்கும் என் அக்கா மகனிடம் பார்த்துச் சொல்லச் சொன்னேன். “மாமா, இங்கே அது சுழலவே இல்லை, நேராக விழுந்து ஓடுகிறது” என்றான். ஆக, எதிர்த் திசையில் சுழல்வதாக உலகமே பேசிக்கொள்ளும் தண்ணீர் அங்கே பெரும்பாலும் சுழல்வதே இல்லை.

பிறகு இந்தக் கதை எங்கிருந்து முளைத்தது? கொரியோலிஸ் விளைவிலிருந்து. அது பொய்யில்லை. சுழலும் அமைப்புகளில் நகரும் பொருள்களுக்கு என்ன நேர்கிறது என்று பிரான்சைச் சேர்ந்த கொரியோலிஸ் 1835இல் கணக்குப் போட்டார். பூமியும் சுழலும் அமைப்புதான். அதனால் வட அரைக்கோளத்தில் நகரும் எதுவும் சற்றே வலப்பக்கமும் தென் அரைக்கோளத்தில் இடப்பக்கமும் விலகும். வட அரைக்கோளத்தில் புயலின் மையத்தை நோக்கிப் பாயும் காற்று வலப்பக்கம் விலகுவதால், மையம் அதன் இடப்பக்கம் அமைந்துவிடும்; அதாவது காற்று மையத்தை இடஞ்சுழியாகச் சுற்றும். வங்கக் கடலில் உருவாகும் புயல்கள் எல்லாம் இடஞ்சுழியாகச் சுற்றுவதும், ஆஸ்திரேலியாவைத் தாக்கும் புயல்கள் வலஞ்சுழியாகச் சுற்றுவதும் இதனால்தான். ஆனால் அங்கே காற்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம், நாள்கணக்கில் ஓடுகிறது. கம்மோடில் எல்லாம் ஐந்து விநாடியில் முடிந்துவிடுகிறது. அந்த ஐந்து விநாடியில் பூமி திரும்புவது ஒரு டிகிரியில் ஐம்பதில் ஒரு பங்கு. டேங்கிலிருந்து பாய்ந்து வரும் தண்ணீர் அதைப் பொருட்படுத்துமா?

இத்துடன் முடித்துக்கொண்டு “எல்லாம் கட்டுக்கதை” என்று எழுதிவிடுபவர்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. ஏனென்றால், ஒரு தொட்டித் தண்ணீரில் பூமியின் சுழற்சியைப் பிடித்துக் காட்ட முடியும். காட்டியும் இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் (குரோம்பேட்டையில் இருப்பது அல்ல) ஆஷர் ஷபிரோ என்ற பேராசிரியர் இருந்தார். ஆறடி விட்டமும் ஆறு அங்குல ஆழமும் கொண்ட தட்டையான வட்டத் தொட்டியை எடுத்துக்கொண்டார். நடுவில் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு அளவுள்ள ஓட்டை. அடைப்பைப் பிடுங்கும்போது தண்ணீர் கலங்கிவிடக் கூடாது என்பதற்காக, ஓட்டையிலிருந்து இருபது அடிக் குழாய் ஒன்றைக் கீழே இழுத்து, அடைப்பை அதன் மறுமுனையில் வைத்தார். பிறகு செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. வேண்டுமென்றே வலஞ்சுழியாகச் சுற்றும்படி தண்ணீரை நிரப்பினார். அதாவது, தான் எதிர்பார்க்கும் முடிவுக்கு நேர் எதிராக. மேலே பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தி, அறையின் வெப்பநிலை மாறாமல் பார்த்துக்கொண்டு, 24 மணி நேரம் அப்படியே விட்டுவிட்டார்.

ஓரிரு மணி நேரத்திலேயே திறந்துவிட்டால் தண்ணீர் நிரப்பிய திசையிலேயே, வலஞ்சுழியாகச் சுற்றி இறங்கியது. நம் கண்ணுக்கு அசையாமல் கிடக்கும் தண்ணீருக்குள் பழைய ஓட்டம் அவ்வளவு நேரம் ஒளிந்திருக்கிறது! முழு நாள் காத்திருந்து திறந்தபோது முதல் 12 நிமிடங்களுக்கு மேல் எதுவுமே தெரியவில்லை. அதன் பிறகு, மேலே மிதக்கவிட்ட மரச் சிலாம்பு இடப்பக்கமாகத் திரும்பத் தொடங்கியது. தொட்டி காலியாகும் தறுவாயில் மூன்று நான்கு விநாடிக்கு ஒரு சுற்று என்ற வேகம் வந்துவிட்டது. பூமி தன் அச்சில் சுற்ற ஒரு நாள்தான் என்றாலும், துருவத்திலிருந்து நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க நம் காலடித் தரை திரும்பும் வேகம் குறைந்துகொண்டே போகும். எம்.ஐ.டி. இருக்கும் அட்சரேகையில் தரைக்குச் செங்குத்தான அச்சில் பூமியின் சுழற்சி சுமார் 36 மணி நேரத்துக்கு ஒரு சுற்றுதான். விளிம்பிலிருக்கும் தண்ணீர் அந்தச் சிறிய ஓட்டையை நெருங்க நெருங்க அந்தச் சுழற்சி முப்பதாயிரம் மடங்குக்கு மேல் பெருகுகிறது. 1962இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் இது வெளிவந்தது. 1965இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் டிரெஃபெதன் என்பவரின் குழு இதையே செய்து பார்த்தது. அங்கே வலஞ்சுழி.

எனவே உங்கள் கேள்வியில் கழிப்பறை என்பதை எடுத்துவிட்டு, ‘ஒரு நாள் முழுக்க யாரும் தொடாத தொட்டி’ என்று போட்டால் என் பதிலும் மாறிவிடும்.

கென்யாவில் நான்யூகி என்ற ஊர் நிலநடுக்கோட்டின் மேல் இருக்கிறது. அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு ஒரு வித்தை காட்டுகிறார்கள். ஓட்டையுள்ள பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, கோட்டுக்கு வடக்கே சில அடிகள் நடந்தால் ஒரு திசை, தெற்கே நடந்தால் மறு திசை, கோட்டின் மேல் நின்றால் சுழற்சியே இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோட்டிலிருந்து 20 மீட்டர் தள்ளி நின்றால், அங்கே தரைக்குச் செங்குத்தான அச்சில் பூமி ஒரு முறை சுற்றி முடிக்க ஏறக்குறைய 870 ஆண்டுகள் ஆகும். அந்த ஓட்டைப் பாத்திரம் சில நிமிடங்களில் காலியாகிவிடும். வித்தை காட்டுபவர் தண்ணீரை எந்தப் பக்கத்தில் ஊற்றுகிறார், பாத்திரத்தோடு எந்தப் பக்கம் உடலைத் திருப்புகிறார் என்பதில்தான் சூட்சுமம். உங்களுக்கு அங்கே போகும் வாய்ப்புக் கிடைத்தால் காசைக் கொடுத்துவிட்டு, பாத்திரத்தை நீங்களே வாங்கி, அவர் திரும்பியதற்கு எதிர்ப் பக்கமாகத் திரும்பி ஊற்றிப் பாருங்கள்.