நன்னடத்தையின் பேரில் விடுதலை: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

நன்னடத்தை அலுவலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். குற்றம் நிரூபணமான பிறகும் ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் விடுவிப்பது பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தை வைத்துச் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, என் அண்ணன் மகனுக்கு வயது 20. செல்போன் திருட்டு வழக்கு, இதுதான் முதல் தடவை. சிறைக்குப் போகாமல் தப்ப வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் உங்கள் வழக்கறிஞர் வாய் திறந்து கேட்க வேண்டும். குற்றவாளி என்று அறிவித்ததும், தண்டனை பற்றி என்ன சொல்கிறாய் என்று நீதிபதி கேட்பார். "குறைத்துக் கொடுங்கள் ஐயா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பிரிவு 4ஐச் சொல்லிக் கேளுங்கள். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றமாக இல்லாவிட்டால், ஒழுங்காக நடப்பேன் என்று அதிகபட்சம் 3 ஆண்டுக்குப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடலாம். 21 நிரம்பாதவருக்குப் பிரிவு 6 இன்னும் பலமானது. வீட்டுக்கு வந்து விசாரிக்கும் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டு வாங்காமலும் காரணத்தை எழுதிவைக்காமலும் சிறை கொடுக்க முடியாது. திருடிய நாளின் வயது இதற்குக் கணக்கில்லை. தண்டனை தரும் நாளின் வயதுதான். வாய்தா மேல் வாய்தா வாங்கி, 21ஐத் தாண்டவிட்டு என்னிடம் வந்து நின்ற குடும்பங்கள் உண்டு. அப்போது பிரிவு 6இன் பலம் போய்விடும்.

கேள்வி: அலுவலர் வீட்டுக்கு வந்தால் என்ன பார்ப்பார்? காசு எதிர்பார்ப்பாரா?

பதில்: காசு கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள். நான் பார்த்தது வேறு. வீட்டுச் செலவு யார் கையில், பையன் யாரோடு சுற்றுகிறான், பழைய முதலாளி திரும்பச் சேர்த்துக்கொள்வாரா என்பதுதான். ஒரு வீட்டில் தாயார் காபி கொடுத்து, "தங்கமான பிள்ளை சார்" என்று அழுதார். எந்தத் தாயும் அதைத்தான் சொல்வாள். தெருமுனைச் சைக்கிள் கடைக்காரரிடம் விசாரித்தேன். பஞ்சர் ஒட்டிக்கொண்டே, தலை நிமிராமல், "மூன்று மாதமாக ஆறு மணிக்கு இவன்தான் கடை திறக்கிறான்" என்றார். அறிக்கையில் முதல் வரியாக எழுதியது அதைத்தான். அந்த அறிக்கை ரகசியம்; சாராம்சத்தை மட்டும் நீதிமன்றம் உங்களுக்குச் சொல்லலாம்.

கேள்வி: ஜாமீன், பரோல் எல்லாம் இதுதானே?

பதில்: இல்லை. ஜாமீன் பெரும்பாலும் தீர்ப்புக்கு முன்னால் வருவது. பரோல், சிறையில் இருப்பவருக்குக் கிடைக்கும் விடுப்பு. இதில் தண்டனை அனுபவிக்கச் சிறைக்குப் போவதே இல்லை.

கேள்வி: "நன்னடத்தைப் பிணையை மீறிய ரவுடி கைது" என்று செய்தித்தாளில் வருகிறதே?

பதில்: அது வேறு கதை. தீர்ப்பு எதுவும் இல்லாமலே, காவல்துறை கேட்டுக்கொண்டதன் பேரில் நிர்வாக நடுவர் முன் எழுதி வாங்கும் பத்திரம் அது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவு. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இப்போது 129. பெயர் ஒன்றாக இருப்பதால் என் வாழ்நாளில் பாதி இதை விளக்கியே போயிற்று. போதாக்குறைக்கு, நன்னடத்தை விடுதலைக்கும் அரசு வேலையின் தகுதிகாண் பருவத்துக்கும் ஆங்கிலத்தில் 'புரொபேஷன்' என்ற ஒரே சொல்!

கேள்வி: வாகன விபத்தில் ஒருவர் இறந்த வழக்குக்கும் இது கிடைக்குமா?

பதில்: நம்ப வேண்டாம். 2000இல் ஒரு பஸ் ஓட்டுநர் வழக்கில், கவனக்குறைவாக ஓட்டி உயிர் பறித்தவர்களுக்கு இந்தச் சலுகை கூடாது என்று உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

கேள்வி: அரசு வேலை பறிபோகுமா சார்?

பதில்: பிரிவு 12, குற்றத் தீர்ப்பால் சட்டப்படி வரும் தகுதியிழப்பை நீக்குகிறது. குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியேதான் இருக்கும். துறை நடவடிக்கை எடுக்கலாம் என்று 1975இலேயே ஒரு ரயில்வே ஊழியர் வழக்கில் முடிவாகிவிட்டது. விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள்; வழக்கை விட மறைத்ததுதான் பலரைக் கவிழ்த்திருக்கிறது.

கேள்வி: இப்படி விடுதலையான எங்கள் பையன் வேலைக்காகத் திருப்பூர் போனான், அலுவலரிடம் ஒரு மாதம் கையெழுத்துப் போடவில்லை. என்ன ஆகும்?

பதில்: நிபந்தனையை மீறினான் என்று பிடிவாரண்டோ சம்மனோ வரலாம். முதல் மீறல் என்றால் 50 ரூபாய் வரை அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இல்லையேல், அன்று தள்ளிவைத்த தண்டனையை இன்று விதிப்பார்கள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவனையே அலுவலரிடம் அனுப்புங்கள். கையில் கம்பெனி அடையாள அட்டை, தங்கும் அறையின் முகவரி இரண்டும் இருக்கட்டும். வசிப்பிட நிபந்தனையை மாற்றச் சொல்லி அலுவலரே நீதிமன்றத்தில் விண்ணப்பம் போடலாம். பிரிவு 8 அதற்குத்தான்.