ரெக்ஸமில் தங்குங்கள், மாளிகைகள் பக்கத்தில்தான்

கேள்வி: மான்செஸ்டரில் படிக்கும் மகளைப் பார்க்க மே மாதம் நானும் மனைவியும் போகிறோம். அப்படியே நான்கு நாள் வேல்ஸின் சிற்றூர்களையும் பழைய மாளிகைகளையும் பார்க்க ஆசை. கார் கிடையாது. கார்டிஃப் முதல் வடக்கு வரை சுற்ற முடியுமா?

பதில்: சுற்றலாம், ஆனால் பாதிப் பொழுது ரயிலிலேயே போய்விடும். வடகிழக்கு மூலை ஒன்றே போதும். செஸ்டரில் ரயில் மாறி ரெக்ஸம் வந்து, அங்கேயே அறை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் எர்திக். நகர நடுவிலிருந்து சுமார் 3 கி.மீ. வேல்ஸில் ஒரே ஒரு மாளிகைக்குத்தான் நேரம் என்று யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். மற்ற மாளிகைகளில் சுவர் நிறையப் பிரபுக்கள்தான் இருப்பார்கள். இங்கே யார்க் குடும்பத்தார் தம் வேலையாட்களை ஓவியமாக வரைவித்து, ஆளுக்கொரு பாட்டும் எழுதி மாட்டினார்கள். தச்சர் இருக்கிறார், வேட்டைக் காவலர் இருக்கிறார். 1793இல் வரையப்பட்ட ஜேன் எப்ரெல் என்ற முதிய பணிப்பெண்ணை, அவர் படத்துப் பாட்டு ‘நம் எல்லாருக்கும் தாய்’ என்கிறது. அந்தக் கூடத்தில் அவசரப்படாமல் நில்லுங்கள்.

அதே வீட்டில் சீன அரக்குப் பூச்சுத் தட்டி ஒன்றும் உண்டு. கொடுத்தவர் எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். இவ்வகைத் தட்டிகள் நம் சோழமண்டலக் கரை வழியாக ஐரோப்பாவுக்குப் போனதால் ‘கோரமண்டல்’ என்றே பெயர் பெற்றன. யேலின் கல்லறை ரெக்ஸம் புனித கைல்ஸ் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. மாலையில் பார்த்துவிடலாம்.

இரண்டாம் நாள் சர்க் கோட்டை. சர்க் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். பாதி நாள் போதும்.

மூன்றாம் நாள் ரூவாபான் வரை ரயில், பிறகு பஸ்ஸில் லாங்கோலன். அயர்லாந்திலிருந்து வந்த தோழிகள் எலினார் பட்லரும் சாரா பொன்சன்பியும் 1780 முதல் வாழ்ந்த பிளாஸ் நியூவித் வீடு, உள்ளும் புறமும் செதுக்கிய ஓக் மரம். இதே பெயரில் ஆங்கிள்சி தீவில் இன்னொரு மாளிகை உண்டு. டிக்கெட் எடுக்கும்போது ஊர்ப் பெயரைச் சரிபாருங்கள். பக்கத்தில் போன்ட்கசுல்தே கால்வாய்ப் பாலம். 1805இல் திறந்தது, 38 மீட்டர் உயரம். நடைபாதைப் பக்கம் கம்பி உண்டு. படகு போகும் பக்கம் இரும்புத் தொட்டியின் விளிம்பு மட்டும்தான், அதற்கப்பால் வெறும் ஆகாயம். தலைசுற்றல் உள்ளவர்கள் படகைத் தவிர்க்கவும்.

கடைசி நாள், ஷ்ரூஸ்பரியில் மாறி வெல்ஷ்பூல் போனால் பொவிஸ் கோட்டை. தோட்டத்தின் அடுக்குத் தளங்கள் கண்கொள்ளாக் காட்சி. ஆனால் உள்ளே கிளைவ் குடும்பச் சேகரிப்பில் திப்பு சுல்தானின் கூடாரம் இருக்கிறது. ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட், 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது சென்னை ஆளுநர். துணியில் தீட்டிய பூக்களைப் பாருங்கள், வண்ணம் இன்னும் மங்கவில்லை. எனக்கு அங்கே மனம் கனக்காமல் இருந்ததில்லை.

நிலையத்திலிருந்து கோட்டைக்கு ஏற்றம். மனைவிக்கு முழங்கால் வலி இருந்தால் டாக்ஸி பிடியுங்கள். திறப்பு நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.