கடலுக்கு மேலே நிற்கும் வெளிச்சம்

கேள்வி: நாலைந்து நாளாகச் சாயங்காலம் ஏழரை மணி வாக்கில் கடலுக்கு மேலே பெரிய வெளிச்சம் ஒன்று நிற்கிறது. கேட்டால் வெள்ளி கிரகம் என்கிறார்கள். லடாக்கில் நம் ராணுவம் பார்த்த பறக்கும் தட்டுகளையும் இப்படித்தானே கிரகம் என்று சொல்லி மூடி மறைத்தார்கள்? எல்லையில் நிற்கும் ஜவானுக்கு ஒரு கிரகம்கூடவா தெரியாது?
– வாசகர் ஒருவர், திருவான்மியூர்

பதில்: நீங்கள் பார்த்தது வெள்ளி இல்லை. அப்படிச் சொன்னவர் வானத்தைப் பார்க்காமலே சொல்லியிருக்கிறார். வெள்ளி, சூரியனை விட்டு 47 டிகிரிக்கு மேல் விலகித் தெரியாது. சாயங்காலத்தில் அது மேற்கே, சூரியன் இறங்கிய பக்கம்தான் இருக்கும். சென்னைக்குக் கடலோ கிழக்கே. கடலுக்கு மேல் வெள்ளியைப் பார்க்க விடியற்காலையில் போக வேண்டும்.

ஆனால் லடாக் விஷயத்தில் நீங்கள் கேட்பது அந்த ஜவான்களுக்குச் செய்யும் அநியாயம். 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை, பாங்காங் ஏரிப் பக்கம் தாகுங்கில் இருந்த படையினர் 329 முறை ஒளிப்பொருட்களைப் பார்த்துப் பதிவு செய்தார்கள். 155 முறை அவை எல்லை தாண்டி வந்ததாகக் கணக்கு. சீனாவின் ஆளில்லா விமானமோ என்று சந்தேகம். அமுக்க நினைக்கிறவர்கள் வெளியாளைக் கூப்பிடுவார்களா? இவர்கள் பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தைக் கேட்டார்கள். (1792-ல் நம் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வுக்கூடத்தின் வழிவந்த நிறுவனம் அது.) எத்தனை மணிக்கு எழுகிறது, நட்சத்திரங்களை ஒட்டி எப்படி நகர்கிறது என்று குறித்துக் கொடுங்கள் என்றார்கள் வானியலாளர்கள். குறிப்புகளிலிருந்து வந்த விடை: வியாழனும் வெள்ளியும்.

அந்த ஆகஸ்டில் விடியலுக்கு முன் கிழக்கே வெள்ளி. டிசம்பர் தொடக்கத்தில் அந்தி சாயும்போதே கிழக்கே வியாழன். சீனாவும் கிழக்கே. சுமார் 14,000 அடி உயரம், மெலிந்த காற்று, தூசி இல்லாத வானம். போதாததற்கு, இருட்டில் ஒற்றை ஒளியையே உற்றுப் பார்த்தால் நிற்பதும் நகர்வதாகத் தோன்றும். மனிதக் கண்ணின் இயல்பு அது. அங்கே காவல் நிற்கிறவர் சந்தேகப்படத்தான் வேண்டும். சந்தேகப்பட்டதை எழுதி வைத்தார்களே, அதனால்தான் உண்மை தெரிந்தது.

மூடி மறைப்பது என்றால் எது என்று சொல்கிறேன். 1948 ஜனவரி 7, அமெரிக்காவின் கென்டக்கி. பட்டப்பகலில் வானத்தில் ஏதோ தெரிகிறது என்று துரத்திப்போன விமானி கேப்டன் தாமஸ் மான்டெல், ஆக்சிஜன் வசதி இல்லாமல் 20,000 அடிக்கு மேல் ஏறி, விமானம் விழுந்து இறந்தார். அவர் துரத்தியது வெள்ளி என்றது விமானப்படை. பகலில் வெள்ளி ஊசிமுனைப் புள்ளி. அதை எந்த விமானி துரத்துவார்? கடற்படை ரகசியமாகப் பறக்கவிட்டு வந்த ராட்சத ஸ்கைஹுக் பலூனாக இருக்கலாம் என்பது பின்னால்தான் வந்தது. அளந்து பார்க்காமல் கிரகத்தின் மேல் பழியைப் போட்டுக் கோப்பை மூடினால் எனக்கும் கோபம் வரும்.

பறக்கும் தட்டுப் புகார்களை விசாரித்த அமெரிக்க விமானப்படையின் புளூ புக் திட்டம் 1969-ல் மூடப்பட்டபோது 12,618 புகார்களில் 701-க்கு விடையில்லை. விடையில்லை என்பதை வேற்றுக்கிரகக் கப்பல் என்று படிக்காதீர்கள்.

சரி, உங்கள் வெளிச்சம். மீனம்பாக்கத்தில் இறங்க வரும் விமானம் நேர் எதிரே வரும்போது நிற்பது போலத்தான் இருக்கும். ஆனால் சில நிமிஷத்தில் தாண்டிப் போய்விடும். நின்று எரிகிறதென்றால் வியாழனாக இருக்கலாம். மொட்டை மாடியில் ஒரே இடத்தில் நின்று, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் சுமார் 10 டிகிரி. கிரகமாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் ஒன்றரை முஷ்டி மேலே ஏறும். மறுநாள் அதே தொட்டி விளிம்புக்குச் சுமார் 4 நிமிஷம் முன்னதாக வரும். ஒரு வாரத்தில் அரை மணி நேரம் முந்திவிடும். கணக்கு ஒத்து வராவிட்டால் தேதி, மணி, திசை எழுதி அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.